ஏன் சார் ஒரு வார்த்தை கேக்கல?

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு: பரவாயில்லை, மாடி ஏறுகிறேன். இன்று எழுத வந்தது வேறு விஷயம், கொஞ்சம் நீளம்.

போன ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு ஒரு பழைய மாணவன் போன் செய்தான். பெயர் போட மாட்டேன், அவனும் இதைப் படிப்பான். புது கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குரல் சரியாக இல்லை.

சர்வரில் எந்த வேலை எந்த நேரத்தில் தானாக ஓட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். கிரான்டேப் என்று பெயர். அதில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் 'கிரான்டேப் மைனஸ் இ' என்று அடிக்க வேண்டும். இவன் அவசரத்தில் 'மைனஸ் ஆர்' அடித்துவிட்டான். கீபோர்டைப் பாருங்கள், இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று திருத்துவதற்கு, இன்னொன்று பட்டியல் முழுவதையும் அழிப்பதற்கு. என்டர் தட்டினான், அவ்வளவுதான். ராத்திரி பேக்கப் எடுக்கிற வேலையும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

எந்த நேரத்தில் எது ஓடியது என்ற குறிப்பு லாகில் இருக்குமே, அதை வைத்து விடிய விடிய உட்கார்ந்து திரும்ப எழுதியிருக்கிறான். மாதம் ஒருமுறை ஓடுகிற ஒரு வேலை மட்டும் விட்டுப்போய், பிறகு மேலதிகாரி கண்டுபிடித்து, எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்.

"ஏன் சார் அது ஒரு வார்த்தை கேக்கல? நம்ம லேப்ல ஆர்எம் அடிச்சா அழிக்கட்டுமான்னு கேக்குமே?"

எனக்குச் சுருக்கென்றது. ஆர்எம் என்பது லினக்ஸில் கோப்பை அழிக்கும் கட்டளை. அது யாரையும் கேட்காது. எங்கள் லேபில் கேட்டதற்குக் காரணம் நான்.

2009 என்று நினைவு. செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு மாணவி 'ஓ' என்று முடியும் கோப்புகளை மட்டும் அழிக்க நினைத்து, நட்சத்திரக் குறிக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டுவிட்டாள். நட்சத்திரம் என்றால் எல்லாம். அவள் வருடம் முழுக்க எழுதிய சி பிளஸ் பிளஸ் நிரல்கள் எல்லாம் போயின. அந்தப் பிள்ளை அழுத அழுகையில் நான் அன்று மாலையே எல்லா மெஷினிலும் ஒரு வரி சேர்த்தேன். ஆர்எம் என்று அடித்தால் 'ஆர்எம் மைனஸ் ஐ' என்று எடுத்துக்கொள், அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் கேள். அலையாஸ் என்பார்கள். நல்லது செய்துவிட்டதாக நினைத்தேன்.

நாற்பது கோப்பை அழித்தால் நாற்பது கேள்வி வரும். ஒரே மாதத்தில் பிள்ளைகள் திரையைப் பார்க்காமலே ஒய், ஒய், ஒய் என்று தட்டப் பழகிவிட்டார்கள். அதைவிட மோசம், கம்ப்யூட்டர் எப்போதும் கேட்கும் என்று நம்பியும் பழகிவிட்டார்கள். இது நான் போட்ட வரி, வேறு மெஷினில் இருக்காது என்று ஒரு வகுப்பிலாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சரி, ஏன் கேட்பதில்லை? யுனிக்ஸ் 1969இல் பெல் லேப்ஸில் தொடங்கியது. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு ஊட்டி, ஆள் இல்லாமல் ஓட விடுவதுதான் அதன் அழகு. ராத்திரி இரண்டு மணிக்கு ஓடுகிற நிரல் நடுவில் நின்று "அழிக்கட்டுமா?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? அது காலை வரை அப்படியே நிற்கும். உலகம் முழுக்க எத்தனையோ ஸ்கிரிப்டுகள் பழைய நடத்தையை நம்பி எழுதப்பட்டவை. எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார், ஸ்கிரிப்ட் ஓய்வு பெறாது.

அதனால் பழசை மாற்றத் தயங்குகிறார்கள். சில சமயம் வேடிக்கையாகவும் போய்விடும். 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். அதில் சில வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், வெறும் இடைவெளி விட்டால் பிழை. இது தொல்லை என்று அவருக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள், அவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அன்று பன்னிரண்டு பேருக்காகப் பார்த்த முகதாட்சண்யம், இன்றுவரை புதிதாகப் படிக்க வருகிற ஒவ்வொருவரும் அந்த டேப்பில் இடறுகிறார்கள்.

மாற்றியவர்களும் உண்டு. ஆர்எம்முக்கு மொத்த மெஷினையும் அழி என்று சொன்னால் மறுக்கும்படி சோலாரிஸ் 10இல் 2005இல் செய்தார்கள். லினக்ஸில் இருக்கும் குனு ஆர்எம்மும் 2006இலிருந்து மறுக்கிறது. விதிப்படி அழிக்கத்தானே வேண்டும் என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, பொறுமையும் இல்லை.

ஆனால் இந்தக் காவலும் முழுக் காவல் அல்ல. 2015இல் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியின் லினக்ஸ் ஸ்கிரிப்ட் ஒன்றில், கோப்புறையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகிப்போய், ஒருவருடைய கோப்புகளை எல்லாம் அழித்தது, செருகியிருந்த வெளி டிரைவில் இருந்ததையும் சேர்த்து. அந்த வரியில் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி. ஷெல் அதை முன்பே விரித்துப் பட்டியலாகக் கொடுத்துவிடுவதால், மொத்தத்தையும் அழிக்கச் சொல்கிறார்கள் என்பதே ஆர்எம்முக்குத் தெரியாது. எழுதியவர் பக்கத்திலேயே 'பயமாக இருக்கிறது' என்கிற மாதிரி ஒரு குறிப்பும் போட்டிருந்தாராம்!

எனக்குப் பிடித்த தீர்வு யுனிக்ஸில் இல்லை, பலரும் கேலி செய்த டாஸில் இருக்கிறது. என் முதல் கம்ப்யூட்டர் டாஸ்தான் என்பதால் பாசம் என்று நினைக்காதீர்கள். முன்பெல்லாம் டாஸில் ஒரு கோப்பைக் காப்பி செய்யும்போது அதே பெயரில் அங்கே வேறொன்று இருந்தால் சத்தமில்லாமல் அதன்மேல் எழுதிவிடும். 1993இல் வந்த எம்எஸ் டாஸ் 6.2இல் மேலெழுதட்டுமா என்று கேட்க வைத்தார்கள். ஆனால் ஆள் உட்கார்ந்து அடித்தால்தான் கேட்கும், பேட்ச் ஃபைலுக்குள்ளிருந்து ஓடினால் பழையபடி பேசாமல் செய்யும். பழைய ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த வாக்கும் தவறவில்லை, உட்கார்ந்திருக்கும் மனுஷனையும் காப்பாற்றியாயிற்று.

தனக்கு முன்னால் ஆள் இருக்கிறானா என்று யுனிக்ஸ் கருவிகளாலும் பார்க்க முடியும். 2016இல் 'எல்எஸ்' கட்டளை இடைவெளி உள்ள கோப்புப் பெயர்களுக்கு மேற்கோள் குறி போட ஆரம்பித்தது. அதுவும் திரையில் மட்டும்தான், ஸ்கிரிப்டுக்குப் பழையபடியே. அதற்கே எத்தனை பேர் கோபப்பட்டார்கள்! பட்டால் படட்டும். கிரான்டேப் மைனஸ் ஆரும் திரைக்கு முன்னால் ஆள் இருந்தால் ஒரு முறை, ஒரே முறை கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நாற்பது முறை கேட்டால் என் லேப் கதைதான். இப்போதும் பல லினக்ஸ்களில் மைனஸ் ஐ சேர்த்தால் கேட்கும். ஆனால் அதைச் சேர்க்க நினைவிருக்கிறவன் ஆர் என்று தவறாக அடிக்க மாட்டானே.

"நானும் அலையாஸ் போட்டுடவா சார்?" என்று கேட்டான். வேண்டாம்டா என்றேன். மைனஸ் எல் போட்டுப் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்து வை, அந்தக் கோப்பைத் திருத்து, அதையே கிரான்டேப்புக்குக் கொடு, இ பக்கமே போகாதே என்று சொன்னேன். திங்கள்கிழமை அப்படியே செய்துவிட்டதாக மெசேஜ் போட்டிருந்தான்.

அந்த லேபில் 2009க்குப் பிறகு படித்தவர்கள் யாராவது இன்னும் ஆர்எம் கேட்கும் என்று நம்பிக்கொண்டிருந்தால், அது கேட்காது. அந்த வரியைப் போட்டது நான்தான். உங்கள் மெஷினில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, அழித்துப் பாருங்கள். கேட்கிறதா இல்லையா என்று கீழே எழுதுங்கள்.