கீதை வகுப்பில் கடமையும் கடவுளும்

மாணவர்களுக்குப் பகவத்கீதையைக் கற்பிப்பவர் அர்ச்சுனனின் கலக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. 18 அத்தியாயங்களும் 700 சுலோகங்களும் கொண்ட நூலுக்கு அந்தக் கலக்கமே வாசல். போர்க்களத்தில் எதிரே உற்றார் நிற்கிறார்கள், காண்டீவம் கைநழுவுகிறது, வீரன் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிறான். எது கடமை என்று தெரியாத தவிப்பு பள்ளி மாணவருக்கும் புரியும்.

அடுத்து வருவது பலன் கருதாத செயல். மதிப்பெண்ணே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். முடிவைப் பற்றிய பயம் கையிலுள்ள வேலையைக் கெடுக்கக் கூடாது என்பதே பொருள். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: புதுச்சேரியில், அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும். பிரெஞ்சு ஆட்சிக்கால வழக்கப்படி, இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் தொட்டுத் தொடங்கிவைக்கிறார். அதன்பின் எல்லோர் கையும் வடத்தில்தான். தேரை நகர்த்தியது யார் கை என்று எவரும் கேட்பதில்லை. தன் பங்கை முழுமையாகச் செய்து, பெருமையைத் தெய்வத்திடம் விட்டுவிடுவதைப் பிள்ளைகள் அங்கே கண்ணாரக் காணலாம்.

ஒருவர் தனக்குரிய கடமையைச் செய்யவேண்டும் என்னும் சுயதர்மக் கருத்தைப் பிறப்பால் வரும் தொழிலாக்கி மனிதரை ஒடுக்கிய வரலாறும் உண்டு. ஆசிரியர் அதை மறைக்கக் கூடாது. எல்லா உயிரிலும் ஒரே இறைவனைக் காணச் சொல்வதும் அதே கீதைதான். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் கீதையைத் தமிழில் தந்தார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்து காயத்ரி உபதேசமும் செய்தார். படித்ததை அவர் நடத்தியும் காட்டினார்.

1910-இல் புதுச்சேரி வந்த அரவிந்தர், ‘ஆர்யா’ இதழில் 1916 முதல் 1920 வரை கீதைக் கட்டுரைகளை எழுதினார். கீதையை வெறும் கடமை நூலாகச் சுருக்குவதை அவர் ஏற்கவில்லை. கடமை ஒரு படி. செயலையும் தன்னையும் இறைவனிடம் ஒப்படைப்பதே முடிந்த இடம் என்பது அவர் கண்ட பொருள்.

பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணன், சொன்னதையெல்லாம் நன்றாக ஆராய்ந்து விரும்பியபடி செய்யுமாறு அர்ச்சுனனிடமே முடிவை விடுகிறான். கடவுளே கேள்விக்கு இடம் தந்த நூல் இது. இதைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் மனப்பாடத்தோடு நிறுத்தாமல், மாணவர்களைக் கேள்வி கேட்கவிட வேண்டும்.