கிரப் படிக்காத வட்டு

லினக்ஸ் மெய்நிகர் கணினியில் கெர்னலுக்கு முன்பே எழுவது கிரப் என்ற பூட்லோடர், தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) முன் எழும் மண்டோர் (மேற்பார்வையாளர்) மாதிரி. கெர்னல் கோப்பைக் கண்டெடுக்க, ஈஎக்ஸ்டி4 வட்டை அது தன் சொந்தச் சிறு நிரலால்தான் படிக்கிறது. வட்டில் குறித்துள்ள, புரிந்தே ஆகவேண்டிய அம்சக் கொடிகளில் தெரியாதது ஒன்று இருந்தால், ‘அறியாத கோப்பு முறைமை’ என்று நின்றுவிடும்.

ஈஎக்ஸ்டி4 வட்டுகளை உருவாக்கும் கருவித்தொகுப்பான ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸின் 1.47.0 பதிப்பு 2023 பிப்ரவரியில் வந்தது; அது புது வட்டுகளில் இரண்டு கொடிகளைத் தானாகவே போடத் தொடங்கியது. ஒன்று மெட்டாடேட்டா_சிசம்_சீட். கெர்னலுக்கு இது 4.4 பதிப்பிலேயே பழக்கம். மூல கிரப் வெளியீடுகளில் 2.12 வரும் வரை, அதாவது 2023 டிசம்பர் வரை, ஆதரவில்லை. மற்றது ஆர்ஃபன்_ஃபைல். கிரப்புக்கு இதனால் தொல்லையில்லை; வட்டைச் சோதிக்கும் ஈ2எஃப்எஸ்சிகே நிரலின் பழைய பதிப்பு மட்டும் சோதிக்க மறுக்கும்.

படிமம் கட்டும் கணினி புதிது, உள்ளே குடியேறும் லினக்ஸும் அதன் கிரப்பும் பழையவை என்றால் சிக்கல் இங்கேதான். டெபியன் 12 வெளிவருமுன்னே அக்கொடிகளை இயல்பிலிருந்து நீக்கியது, நல்ல முடிவு. மற்ற இடங்களில் எம்கேஎஃப்எஸ் கட்டளையிலேயே இரண்டையும் அணைக்கலாம். பூட் அடைவுக்குத் தனி ஈஎக்ஸ்டி2 பிரிவும் ஒதுக்கலாம். வட்டு ஏற்கெனவே உருவாகிவிட்டால், அதைக் கழற்றிவைத்து டியூன்2எஃப்எஸ் கொண்டு கொடியை எடுக்கலாம்.