ஹெரால்டுக்கு மீட்டர் மாற்றிய கதை

நம்ம ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் ஓடுகிறதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஓடுகிறது. ஸ்பீடோமீட்டர்தான் போன மாதம் நின்றுவிட்டது.

சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இது வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. படப்பைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நாலு கதவு வைத்தது நம்மவர்கள்தான்.

மெக்கானிக் என் பழைய மாணவன். முதலில் கேபிளைக் கழற்றிப் பார்த்தான். கேபிள் சுற்றுகிறது, முள் அசையவில்லை. அப்படியென்றால் கோளாறு மீட்டருக்குள்ளே. புதுப்பேட்டை போய் ஒன்று வாங்கி வந்தான். அளவெடுத்துச் செய்தது போல் ஓட்டையில் உட்கார்ந்தது. "சூப்பர் சார், மாட்டிடலாம்" என்றான்.

"இருடா, டயலில் கீழே ஒரு குட்டி எண் இருக்குமே, அதைப் படி" என்றேன். 1000 என்று இருந்தது. வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு அது. நம் பழைய மீட்டரில் அந்த எண் அழிந்துபோயிருந்தது.

அதனால் என்ன, அளந்துவிடலாமே! தெருவில் பத்து மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கேபிள் முனையில் காகிதக் கொடி ஒட்டி, வண்டியை நியூட்ரலில் தள்ளினோம். பக்கத்து வீட்டுப் பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஏழு சுற்றும் மூன்றில் ஒரு பங்கும் வந்தது. நூறால் பெருக்கினால் சுமார் 733. இதில் 1000 எண் மீட்டரை மாட்டினால், 68 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் 50 காட்டும். ஒரகடம் லாரிகளுக்கு நடுவே பேத்தி ஓட்டப்போகும் வண்டி இது. அந்த மீட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் அலைந்து, எண் பொருந்துகிற பழைய மீட்டர் ஒன்று கிடைத்தது. மாட்டும்போது, "கிலோமீட்டரை ஜீரோவில் வச்சிடவா சார்? புது வண்டி மாதிரி இருக்கும்" என்றான். பழைய மீட்டரில் இருந்த அதே எண்ணைத்தான் வைக்கச் சொன்னேன். ஓடியது ஓடியதுதானே! பிறகு பேத்தி போனில் ஜிபிஎஸ் போட்டு உடன் வந்தாள். போனில் 50, முள்ளும் 50-ஐ ஒட்டியே நின்றது.

கெட்டுப்போன மீட்டரைத் திறந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். உள்ளே காந்தம் சுற்றுகிறது, அலுமினியக் கிண்ணம் அதைத் தொடாமலே கூடத் திரும்பப் பார்க்கிறது, மயிரிழைச் சுருள்வில் பிடித்து இழுக்கிறது. பிளஸ் டூவில் சுழல் மின்னோட்டம் நடத்தியபோது கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் யாரென்று எனக்கு நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், வந்து பாருங்கள்.