இழைகள் பல, கணக்கு ஒன்று

தறியில் நீளும் நூல் ஒவ்வொன்றும் இழை எனப்படும். இழைகள் பலவாயினும் அவை சேர்ந்து ஆவது ஒரே துணிதான். கணினித் துறையிலும் இச்சொல் வழங்குகிறது. ஒரே நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலைத் தொடர்களை இழைகள் என்பர்.

சமையலறையில் பருப்பு வேகும்வரை எவரும் அடுப்பின் முன் கைகட்டி நிற்பதில்லை. அந்நேரத்தில் காய் நறுக்குவர், புளி கரைப்பர், குக்கர் விசில் அடித்ததும் அடுப்பின் பக்கம் திரும்புவர். கைகள் இரண்டே, ஆயினும் காத்திருக்கும் நேரம் வீணாவதில்லை. இழைகளின் பயனும் இதுவே.

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராசம் உருவாக்கிய பைத்தான் மொழி 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. அம்மொழியில் இழைகளை உருவாக்குவதற்குத் 'திரெடிங்' என்னும் தொகுதி உண்டு. 'ஸ்டார்ட்' என்னும் கட்டளை இழையைத் தொடங்கி வைக்கும். 'ஜாயின்' என்னும் கட்டளை அவ்விழை முடியும்வரை காத்திருக்கும். இணையத்திலிருந்து பத்துப் படங்களை இறக்க வேண்டும் எனக் கொள்வோம். ஒரு படத்திற்கு 2 நொடி எனில், ஒன்றன்பின் ஒன்றாக இறக்க 20 நொடி ஆகும். அதில் பெரும்பகுதி, தொலைவிலுள்ள கணினியின் மறுமொழிக்குக் காத்திருப்பதிலேயே கழியும். பத்து இழைகளைத் தொடங்கினால் அக்காத்திருப்புகள் ஒரே நேரத்தில் நிகழும். ஏறத்தாழ 2 நொடியில் பணி முடிந்துவிடும்.

எல்லாப் பணிகளும் இவ்வாறு விரைவதில்லை. பைத்தானின் வழக்கமான வடிவத்தில் 'கில்' எனப்படும் பொதுப்பூட்டு ஒன்று உள்ளது. ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே பைத்தான் கட்டளைகளை நிறைவேற்ற அது இடந்தரும். எனவே, நீண்ட கணக்கீடுகளைப் பல இழைகளுக்குப் பங்கிட்டாலும் நேரம் மிச்சமாவதில்லை. அவற்றுக்கு 'மல்டிபிராசசிங்' என்னும் வேறு தொகுதி ஏற்றது. 2024ஆம் ஆண்டு வெளிவந்த 3.13ஆம் பதிப்பில், இப்பூட்டு இல்லாத வடிவமும் சோதனை முயற்சியாகத் தரப்பட்டது.

வேகத்தினும் முதன்மையானது சரியான விடை. ஒரு கணக்கில் 500 ரூபாய் உள்ளது. இரண்டு இழைகள் ஆளுக்கு 100 ரூபாய் சேர்க்க வருகின்றன. இரண்டும் 500 என்பதைப் படிக்கின்றன. இரண்டும் 600 என எழுதுகின்றன. 700 இருக்க வேண்டிய இடத்தில் 100 ரூபாய் காணாமற்போகிறது. இதைத் தடுப்பதே 'லாக்' என்னும் பூட்டு. ஓர் இழை படித்து, கூட்டி, எழுதி முடிக்கும்வரை மற்றோர் இழை வெளியே காத்திருக்கும்.

இத்தகைய பிழை பணத்தோடு நிற்பதில்லை. 1985 முதல் 1987 வரை 'தெராக்-25' என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தனர். அதன் நிரல் பைத்தானில் எழுதப்பட்டதன்று. எனினும், ஒரே நேரத்தில் ஓடிய பணிகள் தகவலைக் காப்பின்றிப் பகிர்ந்துகொண்டது அவ்விபத்துகளின் காரணங்களுள் ஒன்று. இயக்குபவர் விரைந்து செய்த திருத்தம், இயந்திரத்தை ஆயத்தப்படுத்திய பணிக்கு எட்டாமற் போயிற்று.

ஆதலால், இழைகளைக் கையாள்வோர் முதலில் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இப்பணி காத்திருக்கிறதா, கணக்கிடுகிறதா? இழைகள் எதனைப் பகிர்கின்றன? முதல் வினாவின் விடை நேரத்தை மிச்சப்படுத்தும். இரண்டாவதன் விடை பிறருக்குத் தீங்கு நேராமல் காக்கும்.