நான் மனிதன்தானா?

சென்ற மாதம் ஒருநாட் காலை, நான் மனிதன் அல்லன் என்று ஒரு கணினி தீர்ப்புக் கூறியது. 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்துப் புள்ளியிட்டு இளைப்பாறிய ஆசிரியன் நான். ஒரே சோதனையில் மூன்று முறை தவறியது இதுவே முதற்றடவை.

நடந்தது இதுதான். என் கண்களிற் புரை படர்ந்திருந்தது. கண் வைத்தியரைக் காண்பதற்கு இணையத்தளத்தில் நாள் குறிக்க வேண்டும் என்றார்கள். பெயர், வயது, முகவரி யாவற்றையும் மெதுவாகப் பதிந்து முடித்தேன். இறுதியில் ஒன்பது சிறு படங்கள் தோன்றின. தீயணைப்பு நீர்க்குழாய் உள்ள படங்களைத் தெரிவு செய்க என்பது கட்டளை. அமெரிக்கத் தெருவோரங்களில் நிற்கும் அந்தக் குட்டைக் குழாயை எங்கள் ஊர் வீதியில் நான் ஒருநாளும் கண்டதில்லை. மங்கிய கண்ணுக்கு எல்லாப் படங்களும் ஒன்றுபோலவே தெரிந்தன. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் தவறிற்று.

பின்னால் வந்து நின்ற பேத்தி, “அம்மப்பா, நீங்கள் மனிசன் இல்லையாம்!” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் தெரியாதபடியால் அன்றோ வைத்தியரைத் தேடினேன்? கண் தெரிந்தால்தான் உள்ளே விடுவோம் என்பது என்ன நியாயம்?

“கோபிக்காதேங்கோ அம்மப்பா. இது உங்களை மறிக்க வைச்சதில்லை. ஆளில்லாமல் தானாக ஓடுகிற நிரல்களை மறிக்க வைச்சது” என்றாள் அவள். அதன் பின்னரே இதைப்பற்றித் தேடிப் படித்தேன்.

ஒரு படிவத்தை நிரப்ப எனக்கு அரைமணி நேரம் செல்கிறது. ஒரு கணினி நிரலோ அதற்குள் ஆயிரக்கணக்கான படிவங்களை நிரப்பிவிடும். வைத்தியரின் ஒரு மாதத்து நாட்கள் முழுவதையும் பொய்ப்பெயர்களிற் பிடித்துக்கொண்டால் உண்மையான நோயாளிக்கு இடமேது? 1999இல் அமெரிக்காவில், கணினிக் கல்விக்குச் சிறந்த பல்கலைக்கழகம் எது என்று இணையத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இரு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் நிரல் எழுதி வாக்குகளைக் குவித்தார்கள். அவ்விரண்டுக்கும் தலா 21,000க்கு மேல் விழுந்தன. ஏனைய எதற்கும் 1,000 வாக்கேனும் கிடைக்கவில்லை. காவலில்லாத வாசலுக்கு நேரும் கதி இதுவே.

ஆகையால் மனிதருக்கு எளிதாகவும் இயந்திரத்துக்குக் கடினமாகவும் உள்ள ஒரு சோதனை தேவைப்பட்டது. 1997இல் அல்டாவிஸ்டா என்ற தேடுதளத்தினர், எழுத்துகளை வளைத்தும் நெளித்தும் காட்டி வாசிக்கச் செய்தனர். பின்னர் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் மனுவேல் பிளம், லூயிஸ் வான் ஆன் முதலியோர் இவ்வகைச் சோதனையை ஆராய்ந்து ‘கப்ச்சா’ என்று பெயரிட்டனர். எதிரே இருப்பது மனிதனா, இயந்திரமா என்று கண்டறியும் சோதனையொன்றை அலன் டியூரிங் என்ற ஆங்கிலேய அறிஞர் 1950இலேயே எழுதியிருந்தார். அவர் சொன்ன சோதனையில் மனிதன் நீதிபதி. இன்றோ இயந்திரம் நீதிபதியாக இருக்க, மனிதன் கூண்டில் நிற்கிறான்.

ஆனால் இயந்திரமும் நாளுக்கு நாள் கற்றுக்கொண்டது. மிகக் கடினமான நெளிந்த எழுத்தையும் நூற்றுக்கு 99.8 வீதம் சரியாகக் கணினி வாசிக்கும் என்று கூகிள் நிறுவனம் 2014இல் அறிவித்தது. 2023இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையிற் கண்ட ஒரு செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவைப் பரிசோதித்தபோது, கப்ச்சாவைத் தீர்த்துத் தருமாறு அது கூலிக்கு வேலை செய்யும் ஒருவரைக் கேட்டது. நீ இயந்திரமா என்று அவர் வினவினார். இல்லை, எனக்குப் பார்வைக் குறைபாடு உண்டு, படங்கள் தெரிவதில்லை என்று அது பதில் எழுதியது. அவரும் நம்பி உதவினார். கண் மங்கியதாகப் பொய் சொன்ன இயந்திரம் உள்ளே போயிற்று. மெய்யாகவே கண் மங்கிய நான் வாசலில் நின்றேன்.

என் சிறுவயதில் எங்கள் தோட்டத்து வேலியில் ஒரு கடப்பு இருந்தது. மாடுகள் நுழையாதபடி குறுக்கே கட்டை போட்டிருக்கும். மனிதர் காலைத் தூக்கிவைத்துக் கடந்துபோவர். முதுமையில் என் அப்பாச்சியால் அதைக் கடக்க இயலாது போயிற்று. ஐயா கடப்பை எடுத்துவிடவில்லை. எடுத்திருந்தாற் பயிர் மிஞ்சியிராது. அதன் அருகிலேயே ஒரு சிறு படலை வைத்து, அதன் கயிற்றை அப்பாச்சியின் கைக்கெட்டும் உயரத்திற் கட்டிவிட்டார்.

இணையத்திற் கடப்பு வைப்பவர்களை நான் குறைகூற வரவில்லை. அருகே ஒரு படலையும் வேண்டும் என்பதே என் விண்ணப்பம். கேட்டுப் பதில் சொல்லும் ஒலிச் சோதனை சில தளங்களில் உண்டு. அதுவும் இயலாதவருக்கு, அழைத்துப் பேச ஒரு தொலைபேசி இலக்கமேனும் இருக்கட்டும்.

அன்று பேத்தி என் பக்கத்தில் அமர்ந்து படங்களைத் தெரிவு செய்தாள். வைத்தியரைக் காண நாளும் கிடைத்தது. பேத்தி இல்லாத வீடுகளிலும் கண் மங்கிய முதியோர் இருக்கிறார்கள் என்பதை, வேலி கட்டுவோர் மறவாதிருப்பாராக.