பால்மரம் இலை கொட்டுது, ரசீதுப் புத்தகம் உள்ளே இருக்கட்டும்



மம்பாவ் பக்கம் பால்மரங்கள் இலை கொட்ட ஆரம்பிச்சிருச்சு. தை முடிஞ்சு மாசி பிறக்கிற நேரம், மழை குறைஞ்சு வெயில் ஏறும். இலை மஞ்சளாகி, செம்பு நிறமாகி, காத்தடிச்சா சரசரன்னு விழும். நம்ம நாட்டுல பனிக்காலம் கிடையாது. ஆனாலும் தோட்டத்து வெள்ளைக்கார துரைமார் இதுக்கு 'விண்டரிங்', அதாவது குளிர்காலம்னே பேர் வச்சாங்க.

பார்க்க அழகுதான். ஆனா இதோட கஷ்டம் பால் வெட்டுறவங்களுக்குத்தான் தெரியும். மரம் சேர்த்து வச்ச சத்தையெல்லாம் புதுத் தளிருக்குக் கொடுத்துடும். மங்குல பால் குறையும். பால் குறைஞ்சா வருமானமும் குறையும். செம்பனை இப்படி மொத்தமா இலை கொட்டாது. அதனால செம்பனைக்கு மாறின தோட்டத்துல வளர்ற பிள்ளைகளுக்கு இப்படி ஒரு காலம் இருக்கிறதே தெரியறதில்ல.

தோட்டத்துக் கோயில்கள் பலவும் பால் வெட்டின காசுலதான் எழும்பின. அதை நினைச்சு, தொண்டர்கள் நாங்க ஒரு முடிவெடுத்திருக்கோம். தளிர் முத்துற வரைக்கும், இன்னும் பால் வெட்டுற வீடுகளுக்குத் திருவிழா ரசீதுப் புத்தகத்தோட போக மாட்டோம். அவங்க கொடுக்கலையேன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

முடிஞ்சவங்க வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டு வாங்க. யார் கொடுத்தாங்க, யாருக்குப் போச்சுன்னு எங்கேயும் எழுத மாட்டோம். வீட்டு வாசல்ல நாங்களே கொண்டுபோய் வச்சிடுறோம்.

இலை வந்தா பாலும் வந்துடும். அதுவரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருப்போம்.

ஓம் சக்தி 🙏