போறணை இல்லாமல் ஒரு மரக்கறிப் பேஸ்ட்ரி

2009 இல் மெனிக் பாம் முகாமில் நிவாரண மாவையே தின்று அலுத்த தண்ணீரூற்று அக்கா ஒருவர், இன்றும் ரொட்டியைத் தொடமாட்டா. பேரனோ வெதுப்பகத்துப் பேஸ்ட்ரி கேட்டு அழுதான். நான் கொண்டுபோன குறிப்பில் போறணை வேண்டுமென்றிருந்தது.

“தங்கச்சி, என்னட்டை விறகடுப்புத்தான்” என்று சிரித்தா.

தாச்சியிலேயே முயன்றோம். இரண்டு சுண்டு கோதுமை மாவை உப்பு, எண்ணெய், இளஞ்சூட்டு நீர் விட்டுக் குழைத்து, இரண்டாகத் தட்டினோம். எண்ணெய் தடவிய தாச்சியில் ஒன்றைப் பரப்பி, வதக்கிய உருளைக்கிழங்கு, கரட், முருங்கையிலை வைத்தோம். ஈரம் நன்றாக வற்றவேண்டும். இல்லாவிட்டால் அடி களியாகிவிடும். மற்றதால் மூடி, ஓரத்தை அழுத்தினோம். விறகை வெளியே இழுத்து, மூடியிட்டுத் தணலில் பத்து நிமிடம். பிறகு தட்டில் கவிழ்த்து மறுபக்கம்.

முதலாவது கருகியது. அவசரம் என்னுடையது. இரண்டாவதை வெட்டியதும் பேரன் பாய்ந்து வந்தான். அக்காவும் ஒரு துண்டு எடுத்தா.